கேமராவை மேற்கே திருப்புங்கள்!

சேக்காட்டுக்கு எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இடமில்லை. ஆவடி மாநகராட்சியில், சி.டி.எச். ரோட்டை ஒட்டி, ஓர் ஏரியும் நாளுக்கு நாள் நெருங்கிக்கொண்டே போகும் வீடுகளுமாக இருக்கிற ஊர். பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் இந்துக் கல்லூரி. அந்த நடைமேடையில் சனிக்கிழமை விடியற்காலையில் தோளில் கேமராப் பையோடு ஒருவர் நின்றால், மூர் மார்க்கெட் பக்கம் போகிற மின்சார ரயிலுக்குத்தான் காத்திருக்கிறார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். பழைய சென்னையைப் பார்க்க வேண்டும், நாலு நல்ல படம் எடுக்க வேண்டும் என்றால் கோட்டை, சாந்தோம், மயிலாப்பூர், மெரினா. இன்னும் ஒரு நாள் கிடைத்தால் மாமல்லபுரம். எல்லார் கையிலும் இருப்பது இதே பட்டியல்தான். அதில் உள்ள எந்த இடமும் சோடை இல்லை. ஆனாலும், இரண்டே நாள் கையில் உள்ள ஒருவர் எதிர்ப்புற நடைமேடைக்கு மாறி நிற்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை வாதிடப் போகிறது. சரித்திரத்தைத் தேடுகிறவருக்கும் சரி, வெளிச்சத்தைத் தேடுகிறவருக்கும் சரி, சென்னை தொடங்குவது மேற்கில்தான்.

சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறோமே, 1639 ஆகஸ்ட் 22, அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோரத் துண்டு நிலத்தைத் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் எழுதிக்கொடுத்த நாள் அது. கொடுத்தவர் வந்தவாசியிலிருந்து ஆண்டவர். அவர் சார்பில் இந்தப் பக்கத்துக் காரியங்களைக் கவனித்துக்கொண்ட அவருடைய சகோதரர் அய்யப்ப நாயக்கர் இருந்தது பூந்தமல்லியில். ஆக, கோட்டைக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே கடற்கரையின் கதியைத் தீர்மானிக்கிற ஊராகப் பூந்தமல்லி இருந்திருக்கிறது. அதற்கும் ஏறக்குறைய ஆறு நூற்றாண்டு முன்னால், காஞ்சி வரதருக்குப் பூக்கொண்டுபோய் ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பிகள் அந்த ஊர்க்காரர். ராமானுஜரே குருவாக மதித்தவர். நாயக்கர் ஆட்சி போய் கோல்கொண்டா ஆட்சி வந்தபோது, 1653-இல், அஸ்தராபாத்காரரான சுல்பிகரின் மகன் ருஸ்தும் அங்கே ஒரு பள்ளிவாசலைக் கட்டினார். ஆழ்வார் பிறந்த திருமழிசை அங்கிருந்து கூப்பிடு தூரம். இத்தனைக்குப் பிறகும் பூந்தமல்லி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பைபாஸும் பேருந்து நிலையமும்தான். சென்ட்ரலை ஒட்டிப் போகிற சாலைக்குப் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர் வைத்த பின்னும் ஜனங்கள் வாயில் அது இன்றுவரை பூந்தமல்லி ஹைரோடுதான். ஊரின் முதுகெலும்பு எந்தத் திசையில் நீள்கிறது என்பதை பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவர்கள் மறக்கவில்லை.

இதைவிடப் பழைய சாட்சி ஒன்று உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், பார்வை போயிற்று. பார்வை இழந்தவர் எந்த வழியாக நடந்தார் என்று பெரியபுராணம் வரிசையாகச் சொல்கிறது: வட திருமுல்லைவாயல், திருவெண்பாக்கம், திருவாலங்காடு, பிறகு காஞ்சிபுரம். திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது கண் இல்லை, ஓர் ஊன்றுகோல். காஞ்சியில்தான் ஒரு கண் திரும்பியது. இந்த வரிசையை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு ரயில்வே வரைபடத்தைப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. ராயபுரம் திருவொற்றியூருக்குக் கொஞ்சம் தெற்கே. அங்கிருந்து பாதை ஆவடி, திருவள்ளூர், திருவாலங்காடு, அரக்கோணம் என்று ஏறக்குறைய அதே வழியில் ஓடுகிறது. கம்பெனி இன்ஜினியர்கள் தேவாரம் படித்துவிட்டுப் பாதை போடவில்லை. கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போக ஆறுகளோடு அதிகம் மல்லுக்கட்டாத, ஏரிகளும் ஊர்களும் சந்தைகளும் தொடர்ந்து வருகிற தடம் எதுவோ, அதை எட்டாம் நூற்றாண்டு அடியாரின் காலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு தண்டவாளமும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன. சேக்காடு அந்தத் தடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

புராணத்தை வைத்துக்கொண்டு பூகோளம் பேசலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுந்தரரின் கண் போனதும் வந்ததும் நம்பிக்கை சார்ந்த விஷயம். அதற்குள் போக வேண்டியதில்லை. ஊர்களின் வரிசை வேறு சங்கதி. பெரியபுராணத்தை எழுதிய சேக்கிழார் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அரசில் உயர்ந்த பதவியில் இருந்தவர். தொண்டை மண்டலத்தின் வழிகள் அவருக்கு அத்துபடி. திருமுல்லைவாயலுக்கு அடுத்து திருவெண்பாக்கம் வராது என்றால், அந்த வழியில் நடந்து பழகிய அவர் காலத்து யாத்ரீகர்களே சிரித்திருப்பார்கள். அற்புதத்தை எழுதும்போது கவிஞர் தாராளமாக இருக்கலாம், வழி சொல்லும்போது முடியாது. அதனால் வழியைப் பொறுத்தவரை அந்தக் காப்பியத்தை நம்பலாம் என்பது என் கட்சி. தவிர, அந்தந்த ஊரில் சுந்தரரே பாடிய பதிகங்கள் இருக்கின்றன. அவர் போயிருக்கிறார் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் குறுகிய பயணங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது அங்கேதான். நம் பக்கத்துக் கோயில்கள் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தி, மாலை நான்கு, நாலரைக்குத் திறக்கின்றன. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் கல்லில் உள்ள வேலைப்பாடு தட்டையாகிவிடும். எந்தக் கேமராவாலும் அதை மீட்க முடியாது. தை மாதத்தில் சூரியன் ஆறரை மணிக்கு மேல் உதித்து, ஆறு மணி சுமாருக்கு மறைகிறது. காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், இவ்வளவுதான் ஒரு நாளில் படமெடுக்க லாயக்கான வெளிச்சம். இரண்டு நாளைக்கு ஒன்பது மணி நேரம். ஆவடிப் பக்கத்திலிருந்து மயிலாப்பூர் போய்ச் சேரும்போது காலைப் பங்கில் பாதி கரைந்திருக்கும். ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போகிறவருக்கு அந்தப் பங்கு முழுதுமே சுங்கச்சாவடிக்கும் டிபன் கடைக்கும் போய்விடும். இதற்கு எதிராக, இந்துக் கல்லூரி நிலையத்திலிருந்து மேற்கே மூன்றாவது நிறுத்தம் திருநின்றவூர். கிழக்கே மூன்றாவது நிறுத்தம் திருமுல்லைவாயல். காலை வெளிச்சத்தை ஒன்றிலும் மாலை வெளிச்சத்தை மற்றொன்றிலும் செலவிடலாம். இடைப்பட்ட வெயில் நேரத்தில் வீட்டுக்கே வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டுக்கூட எழுந்துவிடலாம். பயணத் திட்டம் என்று இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் ஒன்பது மணி நேரத்தில் எட்டரை மணி நேரத்தைக் கண்ணுக்கு விட்டுவைக்கிற திட்டம் வேறு இல்லை.

காலைக்குத் திருநின்றவூரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் தின்னனூர் என்பார்கள். பக்தவத்சலப் பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. தாயாருக்கு என்னைப் பெற்ற தாயார் என்று பெயர். அதிலிருந்து நடக்கிற தூரத்தில் இருதயாலீஸ்வரர் கோயில். பூசலார் நாயனாரின் ஊர் இது. கையில் காசில்லாத பூசலார், அஸ்திவாரம் முதல் கலசம் வரை ஒவ்வொரு நாளாக மனதுக்குள்ளேயே ஒரு கோயிலைக் கட்டி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கல்லாலான பெரிய கோயிலுக்குப் பல்லவ மன்னர் நாள் குறித்திருந்தார். கனவில் வந்த இறைவன் அரசனைத் தேதியைத் தள்ளிப்போடச் சொன்னார் என்பது கதை. கதையில் வரும் காஞ்சிக் கோயில், எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயில் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். காஞ்சிக்குப் போய் அந்த மணற்கல் கோயிலைப் படமெடுத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கோயிலின் குடமுழுக்கையே காத்திருக்க வைத்த ஊர், மின்சார ரயில் நின்று போகிற தூரத்தில் இருக்கிறது. கேமராவோடு இறங்குகிறவர் அபூர்வம். மனதில் கட்டிய கோயிலை எப்படிப் படமெடுப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லைதான். இன்று அங்கே நிற்பது கல்லில் கட்டிய கோயில். கருவறையில் லிங்கத்தோடு பூசலாரும் இருக்கிறார். கருவறையைப் படமெடுக்க முடியாது என்பதால், பூசலார் செய்ததைத்தான் பார்வையாளரும் செய்ய வேண்டியிருக்கிறது.

மாலை, திருமுல்லைவாயல். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாசிலாமணீசுவரர் கோயிலின் தலபுராணம் நன்கு தெரிந்ததுதான்: குறும்பர்களோடு போரிட வந்த தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் சிக்கியது, கொடியை வெட்டிய வாள் லிங்கத்தின் மேல் பட்டது. அந்தக் காயத்துக்காக ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தில் மட்டும் களைகிறார்கள். தொண்டைமானுக்குத் துணைபோகத் திரும்பிய நந்தி இன்றும் சுவாமிக்கு முதுகு காட்டி நிற்கிறது. சன்னதியின் முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள். வருகிறவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டு, அம்பாள் கொடியிடை நாயகியைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கோயிலின் பின்பக்கம் போய் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறவர் குறைவு. அந்த விமானத்துக்குப் பின்சுவர் நேராக இல்லை, வளைந்திருக்கிறது. படுத்திருக்கும் யானையின் முதுகைப் போன்ற இந்த அமைப்பைத் தூங்கானை மாடம் என்பார்கள், கஜபிருஷ்டம் என்றும் சொல்வார்கள். தொண்டை மண்டலத்துக்கே செல்லமான வடிவம் இது. பாடியில் திருவலிதாயத்தில் இருப்பதும், திருவொற்றியூரில் இருப்பதும் இதே வடிவம்தான்.

வளைவைப் படமெடுப்பது நேர்ச்சுவரைப் படமெடுப்பது போல் இல்லை. நேர்ச்சுவருக்கு ஒரு முனை உண்டு, அதில் வெளிச்சமும் நிழலும் கத்தியால் வெட்டியதுபோல் பிரியும். வளைவில் வெளிச்சம் மெல்ல மெல்லத் தேய்ந்து நிழலாகும். அந்தத் தேய்மானம் படத்தில் விழுந்தால்தான் வளைவு வளைவாகத் தெரியும். நேரே பின்னால் நின்று எடுத்தால் ஒன்றும் தெரியாது, சப்பையாக இருக்கும். மூலவர் கிழக்கு நோக்கியவர். ஆகவே வளைந்த முதுகு மேற்கே. நடை திறக்கிற நான்கு மணிக்குத்தான் சூரியனும் அந்தப் பக்கம் இறங்கி வருகிறது. தை, மாசியில் அது நேர் மேற்கில் இல்லாமல் தென்மேற்கில் இறங்கும். அப்போது பிராகாரத்தின் வடமேற்கு மூலைக்குப் போய் நின்றால், வெளிச்சம் விமானத்தின் தென்புறத்தில் ஏறி, முதுகைச் சுற்றி வந்து, உங்கள் பக்கத்தில் நிழலாக முடிவதைப் பார்க்கலாம். முக்கால் மணி நேரம் இந்த ஆட்டம் நடக்கும். இதற்கு விலையுயர்ந்த லென்ஸ் எதுவும் வேண்டாம், பொறுமை போதும்.

கோயிலைச் சுற்றி நிற்கிற கோஷ்ட தெய்வங்களுக்கும் இதே கணக்குதான். வழக்கமாகத் தெற்கில் தட்சிணாமூர்த்தி, மேற்கில் லிங்கோத்பவர், வடக்கில் பிரம்மாவும் துர்க்கையும். நம் அட்சரேகையில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. மற்ற மாதங்களில் தெற்கே. தையில் போனால் தட்சிணாமூர்த்தி நாளெல்லாம் வெளிச்சத்தில் இருப்பார், துர்க்கை நிழலில். ஆனியில் போனால் தலைகீழ். ஒரே கோயிலுக்கு ஆண்டில் இரண்டு முறை போக ஒரு நல்ல சாக்கு கிடைக்கிறது. இத்தகைய தெரிவு, பட்டியல் போட்டுக்கொண்டு ஒரு நாளில் ஒன்பது இடம் ஓடுகிறவருக்குக் கிட்டாது. ரயிலில் மூன்றாவது நிறுத்தத்தில் இருப்பவருக்குக் கிட்டும்.

இந்தப் பகுதிக் கோயில்களைப் பற்றி உண்மையிலேயே கனமான ஒரு குற்றச்சாட்டு உண்டு. திருப்பணி என்ற பெயரில் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்து, டைல்ஸ் ஒட்டி, தகரக் கொட்டகை போட்டு, கம்பிக் கதவு மாட்டிவிட்டார்கள். பழைமை எங்கே இருக்கிறது படமெடுக்க? இதை மறுக்கப்போவதில்லை. எத்தனையோ கோயில்களில் கண்ணைக் கூசவைக்கும் பச்சையும் ஊதாவும் சுதைச் சிற்பங்களின் முகத்தை மூடிவிட்டன. கும்பாபிஷேகம் வரும்போதெல்லாம் இன்னொரு பூச்சு. ஆனால் வர்ணம் ஏறுவது பெரும்பாலும் மேலே, சுதையில். கீழே அதிட்டானம் கல்தான். அதன் பட்டிகைகளில் கல்வெட்டுகள் ஓடுகின்றன. திருமுல்லைவாயலில் சோழர் காலத்தவை இருக்கின்றன. கல்வெட்டைப் படமெடுக்கத் தனி நுட்பம் உண்டு: வெளிச்சம் எதிரிலிருந்து விழக் கூடாது, சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வர வேண்டும். அப்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கி, அரை அங்குல எழுத்தும் எழுந்து நிற்கும். காலை ஏழரைக்குத் தெளிவாகத் தெரிகிற வரி பதினோரு மணிக்கு வெறும் கல்லாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வர்ணம் பூசிய கோயில் வழிபாட்டில் இருக்கிற கோயில். எண்ணெய்ப் பிசுக்கும் மாலைச் சருகும் கம்பிக் கதவும் அதன் இன்றைய சரித்திரம். அதை ஒதுக்கிவிட்டு வெறும் கல்லை மட்டும் தேடுகிறவர் பாதி ஊரைத்தான் பார்க்கிறார். டைல்ஸுக்கு மட்டும் என்னாலும் வக்காலத்து வாங்க முடியவில்லை.

அடுத்த ஆட்சேபம் சட்டம் சார்ந்தது. கோயிலில் செல்போனுக்கே தடை, ஆவடியிலோ ராணுவ நிறுவனங்கள், எங்கே படமெடுப்பது? 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய வேண்டும் என்று அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது உண்மை. அது எந்தக் கோயிலில் எவ்வளவு கறாராக அமலாகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே: உள்ளே நுழையும் முன் கோயில் அலுவலகத்தில் கேட்பது. விமானத்தை வெளியிலிருந்து எடுக்க வேண்டும், சன்னதிப் பக்கம் வரமாட்டேன் என்று முறையாகக் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். முடியாது என்றால் கோபுரம், குளம், வீதி, தேரடி எல்லாம் வெளியேதானே இருக்கின்றன. ஆவடி விஷயத்தில் இந்தச் சலுகைகூடக் கிடையாது. கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் தொடங்கப்பட்டது. 1965-இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. டாங்கி ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படை நிலையம் என்று சுற்றிலும் பாதுகாப்புப் பகுதி. மதில் சுவரில் படமெடுக்கத் தடை என்று எழுதியிருந்தால் கேமரா பைக்குள் போய்விட வேண்டும். 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் விளையாட்டுச் சாமான் இல்லை. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இருந்தாலும் அந்த மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பதே ஒரு சரித்திரப் பாடம். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான், யு.என். தேபர் தலைமையில், நேருவும் முதலமைச்சர் காமராஜரும் இருக்க, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. ஆறு ஆண்டில் அதே ஊரில் அரசுத் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. மேற்குப் புறநகர் இன்று இருக்கிற உருவத்துக்கு வந்ததன் பின்னால் அந்தக் கொள்கையின் கை இருக்கிறது. சரித்திர நகரம் என்றால் பல்லவரும் வெள்ளைக்காரரும் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. படமெடுக்க முடியாத சரித்திரமும் சரித்திரம்தான். கை பரபரக்கிறவர்கள் பக்கத்தில் பருத்திப்பட்டு ஏரிக்கு நடக்கலாம். சுமார் 87 ஏக்கர் நீர்ப்பரப்பு, கரையில் நடைபாதை, விடியற்காலையில் பறவைகள். அங்கே யாரும் தடுக்கமாட்டார்கள்.

வெளியூரிலிருந்து இரண்டே நாளுக்கு வருகிறவரை மாமல்லபுரம் போகாதே என்று சொல்வது அநியாயம் இல்லையா? இல்லை என்று சாதிக்க மாட்டேன். முதல் முறையாகத் தமிழ்நாட்டில் கால் வைக்கிறவர் யுனெஸ்கோ 1984-இல் உலக மரபிடமாக அறிவித்த ஊரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. இந்த வாதம் சென்னைக்குள்ளேயே இருக்கிறவர்களுக்கு. ஐந்தாறு முறை ஐந்து ரதத்தின் முன் நின்று குடும்பப் படம் எடுத்தவர்களுக்கு. அந்த ஐந்தில் சகாதேவ ரதம் மட்டும் தனிப் போக்கு: பின்புறம் வளைந்தது. பக்கத்திலேயே ஒரு கல் யானையைப் பின்பக்கம் காட்டி நிறுத்தியிருக்கிறார்கள். வடிவத்துக்கு விளக்கம் எழுதியதுபோல் இருக்கும். பூசை நடக்காமல் நின்றுபோன அந்தத் தூங்கானை மாடத்தின் உறவுகளில்தான் திருமுல்லைவாயலிலும் பாடியிலும் தினமும் விளக்கேற்றப்படுகிறது. திருமுல்லைவாயலைப் பார்த்த பிறகு மாமல்லபுரம் போகிறவர், எல்லாரும் யானையின் தும்பிக்கைப் பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது, சுற்றிக்கொண்டு ரதத்தின் பின்னால் போவார்.

இரண்டாம் நாளுக்கு இதே தண்டவாளத்தில் இரண்டு திசைகள் உண்டு. கிழக்கே போனால் சென்ட்ரல், 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகை, கோட்டை. என் ஓட்டு மேற்குக்கு. திருவள்ளூரில் இறங்கி வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தைப் பார்த்துவிட்டு பூண்டிக்குப் பேருந்து ஏறலாம். மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் எழுந்து, 1944-இல் முடிந்த நீர்த்தேக்கம் அங்கே இருக்கிறது. சுந்தரருக்கு ஊன்றுகோல் கிடைத்த பழைய திருவெண்பாக்கம் அந்த நீருக்குள் போய்விட்டது. கோயிலைக் கரைக்கு மாற்றிக் கட்டினார்கள். சென்னை குழாயில் குடிக்கிற தண்ணீருக்கு ஒரு பாடல் பெற்ற தலம் இடம் விட்டது என்பது எத்தனை சென்னைவாசிகளுக்குத் தெரியும்? பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் 1985 முதல் இருக்கிறது. பக்கத்து அதிரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் சொன்னது. 2018-இல் வந்த அடுத்த ஆய்வு, இடைப் பழங்கற்கால நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றது. நேரில் போனால் ஓடையும் முள்ளுச்செடியும்தான். படத்துக்கு ஒன்றும் தேறாது. படம் வேண்டும் என்றால் குடியம் குகைக்கு நடக்க வேண்டும். கூழாங்கற்கள் பதிந்த பாறை பெரும் கூரையாக வளைந்து நிற்கிறது. காட்டு வழி, துணை இல்லாமல் போக வேண்டாம், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபூட் சேகரித்தவை 1904-இல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடுகளும் அங்கேதான். இந்தத் தடத்தின் மேற்கு முனையில் எடுத்த பொருள்களைக் கிழக்கு முனையில் போய்ப் பார்த்து முடிக்க நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.

அறநிலையத் துறையிடமும் ஆவடி மாநகராட்சியிடமும் கேட்பதற்கு ஒன்று உண்டு. திருநின்றவூர், திருமுல்லைவாயல், பாடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களின் கோயில் வாசலில் ஒரு பலகை வையுங்கள். எந்தக் காலத்துக் கட்டடம், கல்வெட்டு எந்தச் சுவரில், எங்கே படமெடுக்கலாம், எங்கே கூடாது. நன்கொடையாளர் பெயர் எழுத இடம் இருக்கிற சுவரில் இதற்கும் இடம் இருக்கும். வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது அதைவிடச் சின்னது. ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்குப் போய்விடும். தை பிறந்ததும் கிளம்புங்கள். பங்குனி வந்துவிட்டால் பத்து மணிக்கே பிராகாரத்துக் கல்தரையில் கால் வைக்க முடியாது.